இரும்புக் கவசமும் ஓதின கவசமும்: உடலில்லாப் பேய்களோடு மோதப்போகும் புதியவர்களுக்கு

“இரும்புக்குள்ளால பேய் எப்பிடிக் கா வரும்? நம்மட ஊர்ப் பேயே இரும்பக் கண்டா ஓடும்!”

இலங்கையின் 2022 மின்வெட்டுக் காலத்தில், மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில், குப்பி விளக்கு வெளிச்சத்தில் மச்சான் போட்ட சத்தம் இது. காய் உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்கி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் ஆடிக்கொண்டிருந்தோம். 1,500 தங்கக் காசு கொடுத்து முழுத் தகட்டுக் கவசம் வாங்கியிருந்தான் அவன். உச்சி முதல் கால் வரை இரும்பு, கையில் இரும்புக் கேடயம். எதிரே மூன்று ஷேடோக்கள், அதாவது நிழற்பேய்கள். மூன்றாவது சுற்றில் ஆள் முடிஞ்சுது. பக்கத்திலேயே வெறும் தோல் சட்டையோடு நின்ற என் தங்கச்சியின் திருடிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

ஆட்டத்தை நடத்திய டி.எம். நான்தான். விதியைச் சரியாகத்தான் ஓட்டினேன், ஆனால் ஆட்டம் தொடங்குமுன் ஒருவருக்கும் அதை விளக்கவில்லை. அது என் பிழை. சத்தம் கேட்டு உள்ளே இருந்து அம்மம்மா ஒரு வார்த்தை சொன்னா: “கவசம் எண்டா படிக்கிறதுடா மனே, போடுறதில்ல.”

அவவுக்கு இந்த விளையாட்டில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் நான் அரை மணி நேரம் விளக்கப் பார்த்த விதி அந்த ஒரு வரிக்குள் இருந்தது. நம் மொழியில் கவசம் இரண்டு. கூத்தில் ராசா கட்டுவதும் கவசம். விளக்கு வைத்தபின் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லிக் காவல் கேட்டுப் படிப்பதும் கவசம். உடலில்லாப் பேய் முதலாவதைக் கண்டுகொள்ளாது. இரண்டாவதில்தான் முட்டி நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் கணக்கெல்லாம் இலகு.

முதல் வேலை: எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்

பேய் கவசத்தை ஊடுருவுமா என்ற கேள்விக்குப் பதிப்புக்குப் பதிப்பு பதில் மாறும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, அதைத் திருத்தி 2003இல் வந்த 3.5, அதன் வழியில் 2009இல் வந்த பாத்ஃபைண்டர் ஆகியவற்றில் ஊடுருவும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் ஊடுருவாது. அங்கே பேய் வேறு வழியால் வரும், பிறகு சொல்கிறேன். இடையில் 2008இல் வந்த நான்காம் பதிப்பில் பல பேய்கள் ஏசி என்ற கவச எண்ணை விட்டுவிட்டு ரிஃப்ளெக்ஸ் என்ற எண்ணைக் குறிவைக்கும். கேடயம் அந்த ரிஃப்ளெக்ஸையும் கூட்டும் என்பதால் அங்கே கவசம் வீண், கேடயம் மட்டும் உதவும். இப்படி ஒரு கோணல்.

புத்தகம் வாங்கக் காசில்லை என்று நிற்க வேண்டாம். 3.5இன் அடிப்படை விதிகள் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளும் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டன. டி20 என்ற இருபது பக்கக் காய் இல்லாவிட்டால் போனில் செயலி இருக்கிறது. நாங்கள் கரண்ட் இல்லாத நாட்களில் 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளைப் பால்மா ரின்னில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். எடுத்த சீட்டைத் திரும்ப ரின்னில் போட மறந்தால் மட்டும் கணக்குப் பிழைக்கும்.

இனி நான் சொல்வது, வேறு குறிப்பு இல்லாத இடமெல்லாம், 3.5 விதி.

ஏசியை இரண்டாக எழுதுங்கள்

ஏசி என்றால் நம் ஊர் வெக்கைக்குக் குளிரூட்டி ஞாபகம் வரும். இங்கே அது ஆர்மர் கிளாஸ். உங்கள் மேல் அடி விழ எதிரி டி20இல் போட வேண்டிய எண். மச்சானின் தாளில் இருந்தது இது: அடிப்படை 10, தகட்டுக் கவசத்துக்கு 8, கேடயத்துக்கு 2, சுறுசுறுப்புக்கு 1. மொத்தம் 21.

அதன் பக்கத்தில் இன்னொரு எண் எழுதவேண்டும். அதன் பெயர் டச் ஏசி. தொட்டாலே போதும் என்று வரும் எதிரிக்கு எதிரான எண். அதில் கவசமும் கேடயமும் தடித்த தோலும் சேராது. மச்சானுக்கு மிஞ்சியது 10உடன் 1, ஆக 11.

ஷேடோ டி20இல் விழுவதோடு 3 கூட்டும். ஏசி 21 என்றால் அதற்கு 18, 19, 20 விழவேண்டும். நூற்றுக்குப் பதினைந்து தரம்தான் படும். ஏசி 11 என்றால் 8 விழுந்தாலே போதும், நூற்றுக்கு அறுபத்தைந்து. தோல் சட்டையும் (அதற்கு 2) சுறுசுறுப்பு 18உம் (அதற்கு 4) உள்ள தங்கச்சியின் திருடிக்குச் சாதாரண ஏசி 16தான், ஆனால் டச் ஏசி 14. சரிக்குச் சரி, ஐம்பது. அதாவது பேய்க்கு முன்னால் 1,500 காசுக் கவசக்காரனை விடத் தோல் சட்டைக்காரி பாதுகாப்பானவள். கவசத்தை நம்பிச் சுறுசுறுப்பைக் கைவிட்டவனைத்தான் இந்த விதி தண்டிக்கிறது.

இன்னொன்று. உடலில்லாதது நடந்தால் சத்தம் வராது. நீங்கள் எதிர்பாராத நேரத்தில் முதல் அடி விழுந்தால் சுறுசுறுப்பும் கணக்கில் வராது. மச்சானின் 11 அந்த நேரத்தில் 10.

பேய் எதை எடுக்கிறது

புதியவர்கள் ஹிட் பாயின்டை, அதாவது உயிர்ப் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தப் பேய்களில் பலவற்றுக்கு அது இரண்டாம் பட்சம். ஷேடோ எடுப்பது பலத்தை, ஒரு தொடுகைக்கு ஆறு பக்கக் காய் ஒன்று. பலம் பூச்சியமானால் மரணம். ரெய்த் கொஞ்சம் உடம்பையும் நோகப்பண்ணி, உடல்வலுவிலும் ஆறு பக்கக் காய் அளவு உறிஞ்சும், சேவிங் த்ரோ, அதாவது தப்பிக்கப் போடும் காயில் டி.சி. 14ஐ (எட்டவேண்டிய எண்) எட்டினால் தப்பலாம். ஸ்பெக்டர் தொட்டால் இரண்டு நெகட்டிவ் லெவல், அதாவது அனுபவத்தில் இரண்டு படி இறங்கின மாதிரி. அல்லிப் விவேகத்தைத் தின்னும்.

இதில் கவசக்காரனுக்கு மிகக் கொடியது ஷேடோதான் என்பது என் கருத்து, காட்டேரி போல் சொல்லப்படும் ஸ்பெக்டர் கூட இல்லை. காரணம் எடை. முழுத் தகட்டுக் கவசம் 50 இறாத்தல். பலம் 14 இருப்பவனுக்கு அது இலேசான சுமை. பலம் 8க்கு இறங்கினால் நடுத்தரச் சுமை. 5க்கு இறங்கினால் அவன் தூக்கக்கூடிய உச்ச எல்லையே 50 இறாத்தல். 4 ஆனால் எல்லை 40. இனி ஒரு சுற்றுக்கு 5 அடி தள்ளாடலாம், அவ்வளவுதான். பேய் கவசத்தில் ஒரு கீறலும் போடவில்லை. ஆனால் அதே கவசம் அவனை நிலத்தோடு சேர்த்துப் பிடித்துவிட்டது. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் நம்மைப் பற்றிச் சொல்லும் கதை இருக்கிறதே, அதை விதிப் புத்தகத்தில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

ஆகவே இரண்டாவது தொடுகைக்குப் பிறகு சுமையைத் திரும்பக் கணக்குப் பாருங்கள். வாளின் அடியும் குறைந்திருக்கும். பெரும்பாலானோர் இதை மறந்து, பழைய எண்ணோடேயே அடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஓதின கவசம்

இப்போது அம்மம்மாவின் கவசம். உடலில்லாதவற்றை நிறுத்தக்கூடியவை இரண்டு வகை. ஒன்று ஃபோர்ஸ், அதாவது மந்திர விசையால் நெய்தது. மற்றது டிஃப்லெக்‌ஷன், அடியை விலக்கிவிடும் காவல். இந்த இரண்டாவதை விளக்கத்தான் எனக்கு நாக்குத் தள்ளியது. கடைசியில் அக்கரைப்பற்றிலிருந்து விளையாட வரும் கூட்டாளிதான், “அட, ஓதிக் கட்டின நூல் மாதிரி!” என்றான். அதேதான். எங்கள் பக்கத்தில் அட்சரக்கூடு.

மேஜ் ஆர்மர் என்ற மந்திரம் முதலாம் படி. மந்திரவாதியின் லெவல் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் நிற்கும். +4 தரும். ஏற்கெனவே +8 இரும்பு போட்டவனுக்கு அதைப் போடுவது வீண் என்று எல்லாரும் நினைப்பார்கள், ஏனென்றால் இரண்டும் கூட்டப்படாது, பெரியது மட்டும் நிற்கும். பேய் வரும்போது அந்தக் கணக்குத் தலைகீழ். இரும்பின் 8 இல்லாமல் போகும், விசையின் 4 நிற்கும். மச்சானின் 11 அப்போது 15. ஷேடோவின் அறுபத்தைந்து நாற்பத்தைந்தாக இறங்கும். இதற்கு மேல் பூசகர் ஷீல்ட் ஆஃப் ஃபெய்த் என்ற முதலாம் படிக் காவலைப் போட்டால் இன்னும் 2, ஆக 17, ஷேடோவுக்கு முப்பத்தைந்து. இரண்டும் குடிக்கிற மருந்தாகவும் விற்கும், ஒவ்வொன்றும் 50 காசு. 1,500 காசுக் கவசம் செய்யாததை 100 காசு செய்கிறது.

பாதுகாப்பு மோதிரம் ஒன்று விரலில் இருந்தால் அதுவும் டிஃப்லெக்‌ஷன்தான். ஆனால் மோதிரத்தின் 1உம் பூசகரின் 2உம் சேர்ந்து 3 ஆகாது. இரண்டு கூடு கட்டினாலும் வலுவானது மட்டும்தான் பேசும். கோஸ்ட் டச் என்ற மந்திரம் ஏற்றிய கவசம் பேயையும் இரும்பாகவே தடுக்கும். விலையைக் கேட்டால் அதுவும் ஒரு பேய்தான். ஆரம்பக்காரர் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம்.

திருப்பி அடிப்பது

மந்திரம் ஏறாத வாள் ஒன்றும் செய்யாது, காற்றை வெட்டுவதுதான். மந்திர வாளாக இருந்தாலும் பட்ட அடியில் பாதித் தரம் வீண்போகும், ஒவ்வொரு முறையும் நூற்றுக்கு ஐம்பது என்று தனியாகக் காய் போடவேண்டும். பாத்ஃபைண்டரில் இந்தக் காய் இல்லை. படுகிற அடியில் பாதி மட்டும் கழியும். எனக்கு அதுதான் பிடிக்கும், நேரம் மிச்சம்.

மேஜிக் மிஸைல் விசையால் ஆனது, அதனால் தவறாது, பாதியும் போகாது. குழுவில் மந்திரவாதி இருந்தால் நிழல் வரும் இரவுக்கு இதை இரண்டு தரம் ஆயத்தப்படுத்தச் சொல்லுங்கள். பூசகர் டர்ன் அன்டெட், அதாவது செத்தவற்றை விரட்டும் சக்தியைக் காட்டினால் சில சமயம் சண்டையே நடக்காது.

புனித நீரில் ஒரு நுணுக்கம். சாதாரண எதிரி மேல் குப்பியை எறிந்து உடைக்கலாம். உடம்பே இல்லாததில் குப்பி எதில் உடையும்? கிட்டப் போய், மூடியைத் திறந்து, மேலே ஊற்றவேண்டும். நம் ஊரில் ஓதின தண்ணி தெளிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு அதிசயமும் இல்லை. 25 காசு.

ரெய்த்தும் ஸ்பெக்டரும் உண்மையான வெயிலில் அடிக்க முடியாமல் ஓடும். மந்திர வெளிச்சம் போதாது. ஆகவே பகலில் போக முடிந்தால் பகலில் போங்கள். 3.5 ஷேடோவுக்கு அந்தப் பலவீனம் எழுதப்படவில்லை, உச்சி வெயிலிலும் வரும்.

டி.எம். ஆக இருப்பவருக்கு

முதலில் என் பாவம். ஒரு ஷேடோ மூன்றாம் லெவல் குழுவுக்குச் சரியான எதிரி. மூன்றை ஒரே அறையில் விட்டால் ஒரு சுற்றுக்குச் சராசரி இரண்டு தொடுகை, ஏழு புள்ளி பலம். பலம் 16 உள்ளவன் மூன்றாவது சுற்றைத் தாண்டமாட்டான். நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

அடுத்தது சுவர். எங்கள் ஆட்டத்துக்கு நான் வரைபடமாக எடுத்தது நம் மட்டக்களப்புக் கோட்டையைத்தான். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, நான்கு கொத்தளம். உடலில்லாதது சுவருக்குள் புகலாம், ஆனால் சுவரின் வெளிப்புறத்தோடு ஒட்டியே இருக்கவேண்டும். அதனால் தன் இடத்தை விடத் தடித்த எதையும் முழுதாகக் கடக்க முடியாது. மனித அளவுப் பேயின் இடம் 5 அடி. உங்கள் வரைபடத்தில் 5 அடிக்கு மேல் தடித்த கோட்டைச் சுவர் என்றால் பேய் மறுபக்கம் வராது. உள்ளே பின்னாளில் எழுப்பிய மெல்லிய தடுப்புச் சுவர் என்றால் சீலையைப் போல் கடந்துவிடும். நிலத்துக்குள் மேல்மட்டத்தோடு ஒட்டி உங்கள் காலடியிலேயே கூட வரலாம். இதைத் தெரிந்த விளையாட்டாளர் எங்கே படுப்பது என்று யோசிப்பார்.

சுவருக்குள் முழுதாக இருக்கும்வரை அதை அடிக்க முடியாது. அதுவும் வெளியே பார்க்காது. ஒட்டி நிற்பவர் இருப்பதை உணரும், ஆனால் அதன் அடியில் பாதித் தரம் தவறும். அது கையை நீட்டும் நொடியில் அடிக்கலாம், அதற்கு உங்கள் முறையில் “அது வெளியே வந்தால் அடிப்பேன்” என்று காத்திருப்பதாகச் சொல்லிவைக்கவேண்டும். புதியவர்களுக்கு இந்தக் காத்திருக்கும் செயலைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல சண்டை இல்லை.

சொல்லும் முறையும் முக்கியம். “கவசத்தைக் கிழித்து அடிச்சுது” என்று சொன்னால் விளையாட்டாளர் கொல்லனைத் தேடுவார். இப்படிச் சொல்லுங்கள்: “நெஞ்சுத் தகடு அப்பிடியேதான் இரிக்கி. ஒரு சத்தமும் இல்ல. ஆனா தகட்டுக்கு உள்பக்கம், உன்ட விலாவுல, ஆரோ ஈரக்கைய வெச்ச மாதிரி.” எங்கள் விறாந்தையில் அதற்குப் பிறகு யாரும் விளக்குக்கு முதுகு காட்டி இருக்கவில்லை.

ஐந்தாம் பதிப்பில் என்றால்

இங்கே இரும்பு வேலை செய்யும். தகட்டுக் கவசமும் கேடயமும் சேர்ந்து ஏசி 20. +4உடன் வரும் ஷேடோவுக்கு 16 விழவேண்டும், நூற்றுக்கு இருபத்தைந்து. தொடுகைக்கென்று தனி எண்ணே இல்லை. உடம்பில்லாத கை ஏன் இரும்பில் முட்டுகிறது என்று கேட்டால், கணக்கை இலகுவாக்க என்பதுதான் நேர்மையான பதில்.

ஆனால் இரும்பு கேட்காத வழிகள் உண்டு. சேவிங் த்ரோ கேட்கும் எதிலும் ஏசிக்கு வேலையில்லை. 2014 புத்தகத்தில் பான்ஷி என்ற பெண்பேயின் ஓலத்துக்கு டி.சி. 13, தவறினால் எவ்வளவு ஹிட் பாயின்ட் இருந்தாலும் நேரே பூச்சியம். கோஸ்ட் உங்கள் உடம்பில் புகுந்து ஆடுவதற்கும் 13. அப்போது அந்த ஏசி 20 உங்கள் கூட்டாளிகளுக்கு எதிராக நிற்கும், ஏனென்றால் கவசத்துக்குள் இருப்பது இப்போது நீங்கள் இல்லை. ஷேடோ இங்கும் பலத்தை எடுக்கும், நான்கு பக்கக் காய் அளவு. தகட்டுக் கவசத்துக்குப் பலம் 15 வேண்டும்; கீழே போனால் நடை 10 அடி குறையும். ஒரு நல்ல ஓய்வு எடுத்தால் பலம் திரும்பும். 3.5இல் ஒரு நாளைக்கு ஒரு புள்ளிதான் திரும்பும், அல்லது பூசகரின் மந்திரம் வேண்டும்.

இரும்புப் பிரச்சினை

மச்சான் கேட்டதற்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் யாரோடு ஆடினாலும் இந்தக் கேள்வி வரும். இரவில் இறைச்சிக்கறி கொண்டு போகும்போது ஒரு ஆணியையோ கரித்துண்டையோ கூட வைத்துக் கொடுக்கும் வீடுகள் நம்முடையவை. புளியமரத்தில் ஆணி அடித்துப் பேயைக் கட்டிய கதை கேட்காதவர் யார்? விதிப் புத்தகத்திலும் இரும்புக்குப் பயந்தவை இருக்கின்றன, ஆனால் கோல்ட் ஐயர்ன் (குளிர் இரும்பு) என்ற அந்த விசேட இரும்பு வேலை செய்வது வனதேவதைகள், சில அரக்கர்கள் மேல்தான். செத்தவர்களின் பட்டியலில் அது இல்லை.

வீட்டு விதி போட விரும்பினால் கவசத்துக்குச் சலுகை கொடுக்காதீர்கள். கொடுத்தால் இரும்பு போட்டவன் எல்லாப் பேய்க்கும் மாமன் ஆகிவிடுவான், பயம் செத்துவிடும். நாங்கள் போட்ட விதி சிறியது: வாசல் நிலையில் ஆணி அடித்தால் அந்த வாசலால் அன்று இரவு பேய் வராது. சுவரால் வரலாம். அடிக்க ஒரு முழுச் சுற்று வேண்டும், சத்தம் எல்லாருக்கும் கேட்கும். இதனால் ஆணி ஒரு முடிவாக மாறியது: எந்த வாசலுக்கு அடிப்பது, யார் அடிப்பது, அதற்குள் பேய் சுற்றி வருமா.

சண்டை முடிந்தபின்

ஷேடோவால் பலம் பூச்சியமான மனிதன் ஒன்று முதல் நான்கு சுற்றுக்குள் தானும் ஷேடோவாக எழுவான், கொன்றதன் அடிமையாக. ஆகவே செத்தவனைச் சுற்றி நின்று அழ நேரமில்லை, முதலில் விலகுங்கள். செத்த விளையாட்டாளருக்கு அந்தப் புதிய நிழலை ஓட்டக் கொடுத்தால் கோபம் தணியும். மச்சானுக்கு நான் அதைத்தான் செய்தேன். அவனுடைய வீரன் தகடுகளின் இடுக்கால் புகை மாதிரி எழுந்தான். கவசம் ஆளில்லாமல் கீழே கிடந்தது.

தங்கச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அத நான் எடுக்கட்டா, மச்சான்?”

“எடுத்துப் போடு புள்ள,” என்றான், சீட்டு ரின்னைக் குலுக்கிக்கொண்டே. தகட்டுக் கவசத்துக்குள் எவ்வளவு சுறுசுறுப்பு இருந்தாலும் ஏசிக்கு 1தான் கணக்கு. போட்டால் அவளுடைய 14 அவனுடைய 11 ஆகும். இரண்டு பேரும் தாளைப் பார்த்தார்கள். அவள் அதைத் தொடவில்லை.